ஆட்டிடம் யாரும் கேட்காத கேள்வி

தருமபுரி மாவட்டத்து இண்டூர்ப் பக்கம் ஒரு சினை ஆடு குட்டி வீசிவிட்டால், ஆட்டுக்காரர் முதலில் அது மேய்ந்த இடத்தை நினைத்துப் பார்க்கிறார். ஆகாத தழை எதையாவது தின்றதா, கிடாய் முட்டியதா, தண்ணீர்த் தொட்டியில் ஏதாவது செத்துக் கிடந்ததா என்று ஒவ்வொன்றாக யோசிக்கிறார். அடுத்தடுத்து இரண்டு ஆடுகள் வீசினால் கால்நடை மருத்துவரிடம் போகிறார். மருத்துவரும் கிருமியைத்தான் தேடுவார்: புருசெல்லா, கிளமிடியா, டாக்ஸோபிளாஸ்மா. அந்த ஆடு போன பிறவியில் என்ன பாவம் செய்தது, அதன் தாய்வழியில் யார் சாபம் வாங்கியது என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

அதே வீட்டில் மருமகளுக்கு வயிற்றில் தங்கியது கலைந்துவிட்டால் கேள்விகள் வேறு மாதிரி வருகின்றன. உச்சி வேளையில் புளியமரத்தடியில் போனாயா? நாள் தள்ளிப்போனதை மூன்று மாதம் முடியும் முன்பே யாரிடமாவது சொன்னாயா? உன் பிறந்த வீட்டில் எப்போதாவது யாராவது நல்லபாம்பை அடித்தார்களா? குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டது ஏதும் பாக்கி நிற்கிறதா? பிறகு ஜாதகம் வெளியே வருகிறது. நாகதோஷம், புத்திரதோஷம், பித்ருதோஷம் என்று ஏதாவதொரு பெயர் அதில் கிடைத்தும் விடுகிறது. கேட்பவர்கள் கொடியவர்கள் அல்லர். அவளுக்குக் கஞ்சி வைத்துக் கொடுப்பதும் துணி அலசிப் போடுவதும் பெரும்பாலும் அதே ஆட்கள்தான். வந்த துக்கத்துக்கு ஒரு காரணம் வேண்டும் என்ற தவிப்பில் கேட்கிறார்கள். ஆனாலும் ஒவ்வொரு கேள்வியும் போய் நிற்கும் இடம் அந்தப் பெண்தான்.

எதனால் நடந்தது என்பது ஒரு கேள்வி. யார் செய்த தப்பினால் நடந்தது என்பது வேறொரு கேள்வி. ஆட்டின் விஷயத்தில் முதல் கேள்வியோடு நிறுத்திக்கொள்ளும் ஊர், பெண்ணின் விஷயத்தில் இரண்டாவதிலிருந்து தொடங்குகிறது. இத்தனைக்கும் ஆட்டின் கருவையும் பெண்ணின் கருவையும் சில சமயம் ஒரே கிருமிதான் கலைக்கிறது.

டாக்ஸோபிளாஸ்மா கோண்டி என்பது ஒரே செல்லால் ஆன ஒட்டுண்ணி. 1908இல் தூனிஸ் நகரப் பாஸ்டர் நிறுவனத்தில் சார்ல் நிக்கோலும் லூயி மான்சோவும் கோண்டி என்ற வட ஆப்பிரிக்கக் கொறிவிலங்கின் உடலில் அதைக் கண்டார்கள். அதே ஆண்டில் பிரேசிலில் ஸ்ப்ளெண்டோரே ஒரு முயலில் கண்டார். தாயின் வயிற்றிலிருக்கும் குழந்தையையும் அது தாக்கும் என்பது 1939இல்தான் உறுதியானது. பிறந்து ஒரு மாதத்தில் இறந்த பச்சிளங்குழந்தை ஒன்றின் மூளையில் நியூயார்க் மருத்துவர்கள் உல்ஃப், கோவன், பெய்ஜ் மூவரும் அதைப் பார்த்தார்கள். இந்தக் கிருமி எங்கிருந்து வருகிறது என்ற புதிர் அவிழ இன்னும் முப்பது ஆண்டுகள் ஆயின. 1970ஐ ஒட்டிப் பூனையின் குடலில் அதன் முட்டைக்கூடுகளைக் கண்டு விளக்கியவர்களில் ஒருவர், இந்தியாவில் பிறந்த கால்நடை அறிவியலாளர் ஜே.பி. துபே.

பூனை இனத்தின் குடலில் மட்டுமே இந்த ஒட்டுண்ணி முட்டைக்கூடுகளை உண்டாக்குகிறது. கிருமியுள்ள எலியையோ குருவியையோ பூனை முதன்முறை தின்றபின், ஒன்று முதல் மூன்று வாரம் வரை அதன் மலத்தில் இலட்சக்கணக்கில் முட்டைக்கூடுகள் வெளியேறுகின்றன. அதற்குப் பிறகு அந்தப் பூனையிடமிருந்து அவை வருவது அரிது. வெளியே வந்த கூடு உடனே தொற்றாது. காற்றும் ஈரமும் பட்டு ஒன்று முதல் ஐந்து நாளில் முதிர்ந்த பின்னரே தொற்றும். ஈரமண்ணில் ஓராண்டுக்கு மேலும் அது உயிரோடு இருக்கும். அங்கிருந்து கீரையில் ஒட்டும், களை எடுக்கும் கையில் ஒட்டும், மழைநீரோடு ஓடிக் குட்டையில் சேரும். அந்த மண்ணில் மேயும் ஆடும் கோழியும் பன்றியும் அதை விழுங்க, அவற்றின் தசையில் நுண்ணிய கட்டிகளாகத் தங்கிவிடும். வேகாத இறைச்சி வழியாக மனிதருக்கு வருவது இப்படித்தான்.

வந்தாலும் பெரும்பாலோருக்குத் தெரியாது. லேசான காய்ச்சல், கழுத்தில் நெறி கட்டுவது, இரண்டு நாள் அசதி, அவ்வளவுதான். உலக மக்களில் மூன்றில் ஒருவர் உடலில் இது இருக்கிறது என்பது மதிப்பீடு. ஒருமுறை வந்தால் ஆயுள் முழுவதும் உடலில் உறங்கிக் கிடக்கும். அதற்கெதிரான காப்பும் உடலில் இருக்கும். ஆபத்து ஒரு குறுகிய காலத்தில்தான் இருக்கிறது. கர்ப்பமாக இருக்கும்போது அல்லது அதற்குச் சற்று முன்பு ஒரு பெண்ணுக்கு முதல்முறையாகத் தொற்றினால், கிருமி நஞ்சுக்கொடியைக் கடந்து கருவை எட்டக்கூடும். பாரிசில் ழார்ஜ் டெமோன்ட்டும் ழாக் குவ்ரேரும் 1974இல் வெளியிட்ட ஆய்வு இதில் ஒரு விசித்திரத்தைக் காட்டியது. முதல் மூன்று மாதத்தில் தொற்று கருவுக்குப் போவது குறைவு, ஏறக்குறைய 15 சதவீதம். கடைசி மூன்று மாதத்தில் அது 60 சதவீதத்தை ஒட்டிப் போகிறது. ஆனால் விளைவு தலைகீழ். பிந்திப் போனால் குழந்தை பெரும்பாலும் அறிகுறியின்றிப் பிறக்கும். முந்திப் போனால் கரு கலையலாம், வயிற்றிலேயே இறக்கலாம், அல்லது தலையில் நீர் கோத்தும் கண் விழித்திரை பழுதாகியும் குழந்தை பிறக்கலாம்.

இந்தியாவில் இது எவ்வளவு? அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் சர்மன் சிங்கும் உடனுழைப்பாளர்களும் நாட்டின் பல பகுதிகளைச் சேர்ந்த 1,464 பெண்களின் இரத்தத்தைச் சோதித்து 2014இல் முடிவை வெளியிட்டார்கள். எல்லோரும் கருத்தரிக்கும் வயதினர். நாடு முழுவதற்குமாகப் பழைய தொற்றின் அடையாளமான ஐஜிஜி என்ற எதிர்ப்பொருள் 22.4 சதவீதத்தினரிடம் இருந்தது. மேற்கில் 8.8 சதவீதம். தெற்கில் 37.3 சதவீதம், எல்லாப் பகுதிகளிலும் மிக அதிகம். புதுத் தொற்றைக் காட்டக்கூடிய ஐஜிஎம் என்ற எதிர்ப்பொருள் இருந்தவர்களோ 1.43 சதவீதம் மட்டுமே.

இந்த இரண்டு வகை எண்களுக்கும் உள்ள வேறுபாடு பல பெண்களின் வாழ்க்கையைத் தொடுகிறது. இரண்டு முறை கரு கலைந்தவர்களுக்கு நம் ஊர்களில் வழக்கமாக எழுதிக் கொடுக்கப்படும் ஒரு சோதனை உண்டு. ‘டார்ச் டெஸ்ட்’ என்பார்கள். டாக்ஸோ, ரூபெல்லா, சைட்டோமெகலோ, ஹெர்பிஸ் என்ற நான்கையும் சேர்த்துப் பார்ப்பது. சீட்டில் ‘ஐஜிஜி பாசிட்டிவ்’ என்று வந்துவிட்டால் வீடு கலங்கிப் போகிறது. உண்மையில் டாக்ஸோவுக்கு ஐஜிஜி மட்டும் பாசிட்டிவ் என்றால், என்றோ வந்து அடங்கிய தொற்று, இனி வரப்போகும் கருவுக்கு அதுவே காப்பு என்பதுதான் பொதுவான பொருள். ஐஜிஎம் பாசிட்டிவ் என்றாலும் அது மாதக்கணக்கில் நீடிக்கக்கூடியது என்பதால், அவிடிட்டி என்ற மேல்சோதனை செய்யாமல் புதுத் தொற்று என்று முடிவுகட்டக் கூடாது. மறுபடி மறுபடி கரு கலைவதற்குக் காரணம் தேட இந்த டார்ச் சோதனை பயன்படாது, அதைக் கைவிடலாம் என்று பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர் கல்லூரி இருபது ஆண்டுகளுக்கு முன்பே வழிகாட்டுதல் தந்தது. டாக்ஸோபிளாஸ்மா ஒரு கர்ப்பத்தைக் கலைக்கலாம். அதே பெண்ணின் அடுத்தடுத்த கர்ப்பங்களை அது கலைப்பது மிக அரிது. கண்டறியப்பட்ட கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து எப்படியும் கலைகின்றன. தொடக்க மாதங்களில் கலைபவற்றில் பாதியளவுக்குக் குரோமோசோம் பிசகே காரணம். அந்தப் பிசகை யாரும் செய்வதில்லை. பெரும்பாலும் கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும் வேளையில் தானாக நேர்ந்துவிடுகிறது.

இப்படியிருந்தும் ‘பாசிட்டிவ்’ என்ற சொல் புதிய தோஷமாகிவிட்டது. ஜாதகக் கட்டத்தில் இருந்த பாம்பு ஆய்வுக்கூடச் சீட்டுக்கு இடம் மாறியிருக்கிறது. அந்தச் சீட்டைப் பெண் வீட்டாரிடம் நீட்டி “இது முன்னாடியே இருந்ததா?” என்று கேட்கும் தொனியில், மருத்துவத்தைவிடப் பழைய வழக்கே அதிகம் பேசுகிறது.

கிருமியின் பாதை எவ்வளவு பொதுவானது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு சாட்சி உண்டு. 2004-05இல் கோயம்புத்தூர் அரவிந்த் கண் மருத்துவமனைக்கு, கண்ணில் டாக்ஸோபிளாஸ்மா பாதித்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக வரத் தொடங்கினார்கள். வழக்கமாக அங்கொருவர் இங்கொருவராகப் பார்க்கும் நோய். மருத்துவர்கள் வியந்து எண்ணத் தொடங்கி, கடைசியில் 248 பேரைப் பதிவு செய்தார்கள். அவர்கள் வசித்த இடங்களை ஒப்பிட்டபோது, பூனையையும் விட இறைச்சியையும் விட, குழாயில் வந்த குடிநீரின் மீதே ஐயம் விழுந்தது. இதற்குப் பத்தாண்டுக்கு முன், 1995இல், கனடாவின் விக்டோரியா நகரிலும் இதே போன்ற ஒரு பரவல் நடந்திருந்தது. அங்கே கண்டறியப்பட்ட 100 பேரில் கர்ப்பிணிகளும் இருந்தார்கள். ஊருக்குத் தண்ணீர் தந்த நீர்த்தேக்கத்தைப் பூனை இன விலங்குகள் மாசுபடுத்தியிருக்கக்கூடும் என்று விசாரணை சொன்னது.

குழாயைத் திறந்து ஒரு செம்பு தண்ணீர் குடித்தவளின் வினை எது?

தருமபுரி மாவட்டத்துக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. இங்கே பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் காவி ஏறியதும் எலும்பு வளைந்ததும் தலைமுறை தலைமுறையாக நடந்தது. அந்தப் பல்லைப் பார்த்துப் பெண் வேண்டாம் என்று போன மாப்பிள்ளை வீடுகள் உண்டு. காரணம் தண்ணீர் என்று தெரிந்த பின், ஜப்பான் கடனுதவியோடு காவிரி நீரைக் கொண்டுவர ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் தணிப்புத் திட்டம் வகுக்கப்பட்டு 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. வளைந்த எலும்புக்குப் பரிகாரமாக ஒரு மாவட்டமே குழாய் கேட்டது. விதி என்று விட்டிருந்தால் அந்தக் கோரிக்கையே எழுந்திருக்காது.

இனி வினைக்கொள்கையை நேராகவே பார்க்கலாம். அதை மூடநம்பிக்கை என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிடுவது எளிது. ஆனால் குழந்தையை இழந்த பல தாய்மார்கள் அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நிற்கிறார்கள். அதனால் அந்தக் கொள்கை தன்னளவில் என்ன சொல்கிறது என்று பார்ப்பதே நியாயம்.

மகாபாரதத்தின் அனுசாசன பருவம் ஒரு தாயின் கதையோடு தொடங்குகிறது. கௌதமி என்ற முதியவளின் மகனைப் பாம்பு தீண்டிவிட்டது. அர்ச்சுனகன் என்ற வேடன் அந்தப் பாம்பைக் கயிற்றில் கட்டிக் கொண்டுவந்து, எப்படிக் கொல்லட்டும் என்று அவளைக் கேட்கிறான். விட்டுவிடு, இதைக் கொன்றால் என் மகன் திரும்பமாட்டான் என்கிறாள் அவள். வேடன் விடுவதாக இல்லை. பாம்பு பேசுகிறது: எனக்கு அவன்மேல் பகையில்லை, சாவுத் தெய்வமான மிருத்யு ஏவியது, நான் கடித்தேன். மிருத்யு வந்து, காலமாகிய காலன் என்னை ஏவினான் என்கிறது. காலன் வந்து, நாங்கள் யாரும் காரணமல்ல, சிறுவனின் வினையே காரணம் என்கிறான். எல்லாவற்றையும் கேட்ட கௌதமி, என் மகன் தன் வினையால் போனான், அவனை இழக்கும்படி நானும் ஏதோ செய்திருப்பேன், பாம்பை அவிழ்த்துவிடு என்று முடிக்கிறாள்.

இந்தக் கதையை வைத்துக்கொண்டே ‘பார்த்தாயா, எல்லாம் வினை’ என்று சொல்லிவிட முடியும். ஆனால் கதையில் யார் யாரைப் பற்றிச் சொல்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். ‘நானும் ஏதோ செய்திருப்பேன்’ என்பது கௌதமியின் வாயிலிருந்து, அவளைப் பற்றியே வருகிறது. வேறு யாரும் அவளைச் சுட்டிக்காட்டி அதைச் சொல்லவில்லை. அவள் அதைச் சொல்வதும் ஒரு கட்டை அவிழ்ப்பதற்காக. அம்புப் படுக்கையில் கிடக்கும் பீஷ்மர் இதைச் சொல்வது, இத்தனை சாவுக்கும் நானே காரணம் என்று நொந்து கிடக்கும் தருமனிடம், அவன் சுமையை இறக்கும்படி. அவிழ்ப்பதற்கும் இறக்குவதற்கும் சொல்லப்பட்ட வினையை, ஒரு பெண்ணின் மேல் கட்டுவதற்கும் ஏற்றுவதற்கும் எடுத்தால், கதை யாருக்காகச் சொல்லப்பட்டதோ அவர்களுக்கே எதிராகத் திரும்பிவிடுகிறது.

தமிழ்ச் சைவ மரபு இதை இன்னும் கறாராக வைத்திருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் வகுத்த சித்தாந்தத்தில் கன்மம் அறிவற்றது. தானே தன் உரியவனைத் தேடிப்போய்ச் சேரத் தெரியாதது. உயிருக்கும் தன் முன்வினைக் கணக்குத் தெரியாது. ஆகவே வினையையும் பயனையும் பொருத்தி ஊட்ட முற்றறிவுடைய இறைவன் ஒருவன் வேண்டும் என்பது அந்த மரபின் வலுவான வாதங்களில் ஒன்று. இறைவன் உண்டு என்பதற்கே இதைச் சான்றாக நிறுத்துகிறார்கள். இந்த வாதத்தை ஏற்கிறவர் அடுத்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இன்னொருத்தியின் வினைக்கணக்கை வாசிக்க முடியாது. வாசித்தால், இறைவனுக்கு மட்டுமே உரியது என்று தாமே ஒப்புக்கொண்ட அறிவைத் தமக்கு உரிமை கொண்டாடுகிறார் என்றாகிறது.

புத்தரிடமும் இந்தக் கேள்வி போயிருக்கிறது. மோளியசீவகன் என்ற நாடோடித் துறவி ராஜகிருகத்தில் அவரைச் சந்தித்து, மனிதர் படும் இன்பதுன்பம் எல்லாம் முன்வினையால்தான் என்கிறார்களே, தாங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டதைச் சம்யுத்த நிகாயம் பதிந்திருக்கிறது. பித்தத்தால் வருவது உண்டு, கபத்தால் உண்டு, வாதத்தால் உண்டு, மூன்றும் கூடுவதால் உண்டு. பருவம் மாறுவதால், பேணல் பிசகுவதால், எதிர்பாராத தாக்குதலால் வருவதும் உண்டு. எட்டாவதாக வினையால் வருவதும் உண்டு என்று விடை தருகிறார். எல்லாமே முன்வினை என்பவர்கள் தாமே கண்டறிந்ததையும் உலகம் மெய்யென்று ஏற்றதையும் தாண்டிப் போகிறார்கள் என்பது அவர் முடிவு. நுண்ணோக்கி இல்லாத காலத்தில், உடலுக்கு உடலின் காரணங்கள் உண்டு என்று ஒரு சமய ஆசான் இடம் ஒதுக்கியிருப்பது சாதாரண விஷயமல்ல.

பிற மரபுகளிலும் இதே இழுபறி நடந்திருக்கிறது. பிறவிப் பார்வையற்ற ஒருவனைக் கண்டு, பாவம் செய்தது இவனா இவன் பெற்றோரா என்று சீடர்கள் கேட்க, இருவருமில்லை என்று இயேசு சொன்னதாக யோவான் எழுதினார். இஸ்லாத்தில், கலைந்துபோன சிசு தன் தொப்புள்கொடியால் தாயைச் சொர்க்கத்துக்கு இழுத்துச் செல்லும் என்றொரு செய்தி இப்னு மாஜாவின் நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. பொறுமையோடு தாங்கிய தாய்க்குச் சொல்லப்பட்ட ஆறுதல் அது. அந்தச் சிசு அவளுக்கு எதிரான சாட்சியாக வருவதில்லை, அவளுக்காக வருகிறது.

பூனைக்கே ஒரு தெய்வத் தொடர்பு உண்டு என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். நம் பக்கம் சஷ்டி என்றால் முருகன். வங்காளத்தில் சஷ்டி என்பவள் பிள்ளைகளைக் காக்கும் தேவி, அவளுடைய வாகனம் பூனை. அங்கே விரத நாளில் சொல்லும் கதையில், வீட்டின் இளைய மருமகள் ஒளித்துத் தின்றுவிட்டுப் பழியைக் கரும்பூனைமேல் போடுகிறாள். அதன்பின் அவள் பெறும் பிள்ளைகளையெல்லாம் பூனை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய்த் தேவியிடம் சேர்க்கிறது. அவள் மன்னிப்புக் கேட்டபின் எல்லாப் பிள்ளைகளும் திரும்பி வருகிறார்கள். இந்தக் கதையின் முடிவு இதமானது, தொடக்கம் அப்படியல்ல. பிள்ளை தங்காமல் போனதற்கு ஒரு காரணம் தேவைப்பட்டபோது, கதை நேரே மருமகளின் வாய்க்கும் பசிக்கும் போயிருக்கிறது. கூட்டுக்குடும்பத்தில் கடைசியாகச் சாப்பிடுகிறவள் அவள் என்பதைக் கதை கேட்டுக்கொள்ளவில்லை.

தமிழ்நாட்டின் கதை வேறு திசையில் போகிறது. பாபநாசம் வட்டத்துத் திருக்கருகாவூர், சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம். சுவாமி முல்லைவனநாதர், அம்மன் கர்ப்பரட்சாம்பிகை. தலவரலாறு இது: நித்துவ முனிவரின் மனைவி வேதிகை கர்ப்பமாக இருந்தாள். கணவர் வெளியே போயிருந்த வேளையில் ஊர்த்துவபாதர் என்ற முனிவர் வாசலுக்கு வந்தார். மசக்கையின் அசதியில் கிடந்தவளால் எழுந்து உபசரிக்க முடியவில்லை. முனிவர் சபித்தார்; நோய் வந்து கரு கலைந்தது. அம்மன் அந்தக் கருவை ஒரு குடத்தில் வைத்துக் காத்து, மாதம் நிறைந்ததும் நைத்துருவன் என்ற பிள்ளையாகத் தாயிடம் தந்தாள்.

இன்றும் பிள்ளை வேண்டுவோருக்கு நெய்யும், கர்ப்பிணிகளுக்கு விளக்கெண்ணெயும் அங்கே பிரசாதமாகக் கொடுக்கிறார்கள். தாலிக்கொடியில் முடிந்த மஞ்சளோடு வரும் பெண்களில் எத்தனை பேர் ஒருமுறை இரண்டுமுறை இழந்தவர்கள் என்பதை அந்தச் சந்நிதியில் நின்றவர்கள் அறிவார்கள். அந்தத் தலவரலாற்றில் கவனிக்க வேண்டியது, வேதிகையின் பக்கம் எந்தக் குற்றமும் இல்லை. அவள் களைத்திருந்தாள், அவ்வளவே. சபித்தவர் தவவலிமை உடையவர். ஆனாலும் தெய்வம் அவர் பக்கம் நிற்கவில்லை. பரிகாரம் கேட்கவுமில்லை. கருச்சிதைவுக்கென்றே ஒரு கோயிலைக் கட்டி வைத்திருக்கும் மரபு, அதன் நடுவில் பழிக்கப்படாத ஒரு தாயை வைத்திருக்கிறது. நாகதோஷம் பேசுகிறவர்கள் இந்தக் கோயிலுக்கும் போகிறவர்கள்தான் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கிருமி தெரிந்த பிறகாவது பழி நின்றுவிடுமா? தானாக நிற்காது. “கீரையைச் சரியாக அலசினாயா? அந்தப் பூனையை ஏன் மடியில் வைத்துக் கொஞ்சினாய்?” என்று பழைய வழக்கு புதிய சொற்களோடு வந்துவிடும். அறிவியல் பேசுகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டிய இடம் இது. ஐரோப்பிய நகரங்கள் சிலவற்றில் கர்ப்பிணிகளிடம் நடத்தி 2000ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, தொற்றுகளில் 30 முதல் 63 சதவீதத்துக்கு வேகாத இறைச்சியையும், 6 முதல் 17 சதவீதத்துக்கு மண்ணையும் காரணமாகக் காட்டியது. பூனையோடு பழகுவது தனி ஆபத்தாக அதில் தெரியவில்லை. ஆட்டுக்கறியைக் குழைய வேகவைக்கும் நம் சமையலில் இறைச்சியின் பங்கு குறைந்து, மண்ணும் தண்ணீரும் பச்சையாகத் தின்பவையும் முன்னுக்கு வரும் என்று எண்ண இடமுண்டு. இண்டூர்ப் பக்கத்துப் பெண் கூலிக்குக் களை எடுக்கிறாள், அரசின் ஊரக வேலைத் திட்டத்தில் மண் அள்ளுகிறாள், வீசிய குட்டியையும் நஞ்சையும் வெறுங்கையால் எடுத்துப் புதைக்கிறாள். இவை எதுவும் அவள் விரும்பித் தேர்ந்த பழக்கமல்ல. மூன்று மாதம் மண்ணைத் தொடாதே என்று சொல்கிறவர், அந்த மூன்று மாதக் கூலிக்கும் வழி சொல்ல வேண்டும். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் அந்த வகையில் ஒரு தத்துவ நிலைப்பாடுதான்: கர்ப்பத்தின் சுமை அவளுடையது மட்டுமல்ல என்று அரசு ஒப்புக்கொண்ட தொகை.

துக்கத்துக்கும் நம்மிடம் சரியான இடம் இல்லை. கர்ப்பத்தோடு இறந்த பெண்ணுக்காகச் சாலையோரம் சுமைதாங்கிக் கல் நடும் வழக்கம் தமிழ்நாட்டில் இருந்தது; வழிப்போக்கர் தலைச்சுமையை இறக்கி வைத்து இளைப்பாற, இறக்காமல் போன அவள் சுமையும் இறங்கும் என்று நம்பினார்கள். தாய் பிழைத்துக் கரு மட்டும் போனால் அப்படி எதுவும் இல்லை. மனுநீதி, எத்தனை மாதக் கருவோ அத்தனை இரவு தீட்டு என்று கணக்கு வைத்தது. ஜப்பானில் பிறக்காமல் போன குழந்தைகளுக்காக ஜிஸோ என்ற போதிசத்துவரின் சிறு சிலைகளுக்குச் சிவப்புத் துணி கட்டி வணங்குகிறார்கள். நம் பெண்ணுக்கோ, மூன்றாம் நாள் எழுந்து வாசல் தெளிக்க வேண்டும், யாரிடமும் சொல்லவும் கூடாது. அழ ஓர் இடம் கிடைக்காத துக்கம்தான் தோஷம் கழிக்கும் இடங்களைத் தேடிப் போகிறது என்று தோன்றுகிறது. பரிகார பூசையில் ஆயிரக்கணக்கில் கொட்டும் குடும்பங்களை ஏளனம் செய்வதால் ஒன்றும் ஆகாது. ஒரு குழந்தை வந்து போனது என்று ஊர் ஒப்புக்கொள்ளும் சடங்கு ஒன்று அவர்களுக்குத் தேவையாக இருக்கிறது.

கர்ப்பத்தைப் பதிவு செய்ய வரும் நாளில் கிராம சுகாதாரச் செவிலியர் கணவனையும் மாமியாரையும் சேர்த்து உட்காரவைத்துச் சில நிமிடம் பேசினால் பாதி வேலை முடியும். கீரையும் காயும் நன்றாகக் கழுவ வேண்டும், கறி நன்றாக வேக வேண்டும், தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்க வேண்டும், மண்ணில் வேலை செய்தபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். தண்ணீர்த் தொட்டிக்கு மூடி போடுவதும், பூனைக் கழிவை அன்றன்றே அள்ளிப் புதைப்பதும், ஆடு குட்டி வீசினால் அதைக் கையுறையோடு எடுப்பதும் கணவனின் வேலை. புதுத் தொற்று என்று உறுதியானால் ஸ்பைராமைசின் போன்ற மருந்துகள் உண்டு. பிரான்சில் தொற்று வராத கர்ப்பிணிகளை மாதந்தோறும் சோதித்து இவ்வாறு கவனிக்கிறார்கள்.

கரு கலைந்த பிறகும் செவிலியருக்கு ஒரு வேலை இருக்கிறது. பிரசவம் நடந்த வீட்டுக்குப் போவதுபோல் அந்த வீட்டுக்கும் அவர் போக வேண்டும். டாக்ஸோபிளாஸ்மாதான் காரணம் என்று தெரிந்திருந்தால், ஆறு மாதம் பொறுத்து மருத்துவரைப் பார்த்துவிட்டு அடுத்த குழந்தைக்கு முயலலாம், ஒருமுறை வந்த தொற்று அடுத்த கருவைப் பெரும்பாலும் தொடாது என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்ல வேண்டும். காரணமே தெரியாமல் போயிருந்தால், அதையும் அதே குரலில், மாமியார் காதில் விழும்படி சொல்ல வேண்டும்.